28 அங்குலம் காட்டியும் குமிழி ஏன்?

கேள்வி: ஐயா, நானும் என் அண்ணனும் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஷெட் எடுத்து, ட்ரோன்களுக்கான இறக்கை ஓடுகளைக் கார்பன் துணியில் செய்து கொடுக்கிறோம். ஒவ்வொரு ஓடும் ஏறக்குறைய அரை சதுர மீட்டர். எம்.டி.எஃப். பலகையில் வெட்டி, பெயின்ட் அடித்து, மெழுகு தேய்த்த மோல்டு. 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) துணி இரண்டு அடுக்கு, 100-க்கு 10 ஹார்டனர் (கெட்டிப்படுத்தும் திரவம்) கலக்கும் எபாக்சி ரெசின். துணியை விரித்து, ரெசினை ஊற்றித் தேய்த்து, பீல் பிளை (காய்ந்ததும் உரித்தெடுக்கும் மெல்லிய துணி) போட்டு, அதன்மேல் பழைய காட்டன் போர்வையை வைத்துப் பிளாஸ்டிக் பையை மூடி, உள்ளே இருக்கும் காற்றைப் பம்பால் இழுத்து வேக்யூம் (வெற்றிடம்) ஆக்குகிறோம். பம்ப், ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் வகை. பம்பை ஒட்டி வைத்திருக்கும் கேஜ் (வேக்யூம் அளவி) பாதரசக் கணக்கில் 28 அங்குலம் காட்டுகிறது. அப்படியும் ஓட்டின் முகத்தில் ஊசியால் குத்தியதுபோலத் துளைகள், ஓரங்களில் வெளிறிய கோடுகள். மழை தொடங்கியதிலிருந்து இன்னும் மோசம். கடன் வாங்கியாவது பெரிய பம்ப் வாங்கிவிடலாமா?

பதில்: தம்பி, பம்புக்காகக் கடன் வாங்காதீர்கள். அரை சதுர மீட்டர் ஓட்டுக்கு உங்களிடம் இருக்கும் பம்ப் தாராளம். உங்கள் குமிழிக்கான காரணம் கடிதத்திலேயே இருக்கிறது. எம்.டி.எஃப். மோல்டு, துணிமேல் ரெசின் ஊற்றுவது, காட்டன் போர்வை, 100-க்கு 10 ஹார்டனர், பம்பை ஒட்டிய கேஜ் என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் குமிழிக்கு இடம் கொடுக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பை குமிழியை உறிஞ்சி எடுத்துவிடும் என்று நினைத்துத்தான் பலரும் பெரிய பம்ப் தேடுகிறார்கள். பை உறிஞ்சுவதில்லை. உள்ளே இருக்கும் காற்றைப் பம்ப் எடுத்துவிட்டால், வெளிக்காற்றின் எடை பையின்மேல் இறங்குகிறது. கடல் மட்டத்தில் அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. உங்கள் ஓட்டின்மேல் மொத்தமாக ஐந்து டன். அந்த எடைதான் அடுக்குகளை நெருக்கி, மிச்ச ரெசினைப் பிதுக்கி வெளியே தள்ளுகிறது. ரெசின் போகும் வழியில் குமிழியும் சேர்ந்து போனால் நல்லது. வழி கிடைக்காத குமிழி அங்கேயே நின்றுவிடும். நிற்பதோடு பெருக்கவும் செய்யும்.

எவ்வளவு பெருக்கும் என்பதை உங்கள் கேஜை வைத்தே கணக்குப் போடலாம். காற்றழுத்தம் மொத்தம் 30 அங்குலம். கேஜ் 25 காட்டினால் பைக்குள் மீதி சுமார் 5. 28 காட்டினால் மீதி சுமார் 2. இந்த மூன்று அங்குலத்துக்காகப் பெரிய பம்ப் வாங்கினால், ஓட்டின்மேல் அழுத்தும் எடை சதுர சென்டிமீட்டருக்கு 0.86 கிலோவிலிருந்து 0.97 கிலோவாகக் கூடும். மாட்டிக்கொண்ட குமிழியோ இரண்டரை மடங்கு ஊதிவிடும். அழுத்தத்தில் கொஞ்சம் லாபம், குமிழியில் பெரிய நஷ்டம். (இந்தக் கணக்கு செங்கல்பட்டுக்கு. ஊட்டியில் எவ்வளவு நல்ல பம்ப் வைத்தாலும் கேஜ் 23-ஐ ஒட்டியே நின்றுவிடும். பெங்களூரில் 27. ஊருக்கு ஊர் எண் மாறுவதைப் பார்த்துப் பம்பைக் குறை சொல்பவர்கள் உண்டு.)

அடுத்ததைக் கொஞ்சம் நின்று படியுங்கள். எனக்கு இது புரியவே பல வருடம் ஆனது. பையை இழுத்ததும் தொடக்கத்தில் துணி ரெசினில் மிதந்துகொண்டிருக்கும். எடை முழுவதும் ரெசின்மேல் விழும், குமிழியும் அதில் நசுங்கிச் சின்னதாகவே இருக்கும். ரெசின் பிதுங்கிப் போகப் போக, நார்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து எடையைத் தாங்களே வாங்கிக்கொள்ளும். அடுக்கிய நெல் மூட்டைகளுக்கு நடுவே ஒரு பலூன் கிடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூட்டைகள் ஒன்றையொன்று தாங்கி நின்றுவிட்டால், இடையில் கிடக்கும் பலூனுக்கு எடையே தெரியாது. அதே போலத்தான் குமிழியும். அதைச் சுற்றியுள்ள ரெசினில் அழுத்தம் போய்விட்டால், பைமேல் ஐந்து டன் இருந்தும் குமிழிக்குத் தெரிவது வேக்யூம் மட்டும்தான். அப்போது ஊதும். ஆக, ரெசினை அளவுக்கு மேல் வடியவிட்டால் குமிழி கூடும். பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, குமிழி வந்தால் இன்னும் தடிமனான போர்வையைப் போடுகிறார்கள்.

உங்கள் போர்வை ரெசினைக் குடிக்கிறதா என்பதைத் தராசே சொல்லிவிடும். அரை சதுர மீட்டரில் இரண்டு அடுக்கு என்றால் துணி 200 கிராம். ரெசினும் ஹார்டனரும் சேர்த்து 200 கிராமுக்கு மேல் கலக்க வேண்டாம். ஓடு காய்ந்து, ஓரம் வெட்டிய பிறகு எடை போடுங்கள். 330-லிருந்து 350 கிராம் வந்தால் சரி. 300-ஐ ஒட்டி இறங்கிவிட்டால் வடிந்தது அதிகம். பீல் பிளைக்கும் போர்வைக்கும் நடுவில் துளையிட்ட ரிலீஸ் ஃபிலிம் (ரெசின் ஒட்டாத மெல்லிய பிளாஸ்டிக் தாள்) ஒன்றைப் போடுங்கள். துளைகள் நெருக்கமாக இல்லாத வகையாகக் கேட்டு வாங்குங்கள். காற்று போகும், ரெசின் கொஞ்சமாகத்தான் போகும்.

இனி மோல்டு. முகத்தில் வரும் ஊசித் துளைகள் ஒவ்வொரு ஓட்டிலும் அதே இடத்தில் வருகின்றனவா? பழைய ஓடுகள் இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே இடம் என்றால் மோல்டுதான் கசிகிறது. எம்.டி.எஃப். என்பது அழுத்திய மரநார். அதன் வெட்டு விளிம்பு பஞ்சு மாதிரி. மேல் முகத்துக்குப் பெயின்ட் அடித்திருப்பீர்கள், அடிப்பக்கத்தையும் பக்கவாட்டையும் விட்டிருப்பீர்கள். அங்கே நுழையும் காற்று பலகைக்குள்ளேயே நடந்து, பெயின்ட்டில் கண்ணுக்குத் தெரியாத துளை எங்கே இருக்கிறதோ அங்கே உங்கள் துணிக்கு அடியில் வந்து நிற்கிறது. மெழுகு அதை அடைக்காது. மோல்டின் ஆறு பக்கமும் எபாக்சியை இரண்டு மூன்று முறை பூசி, நடுவில் தேய்த்து, முழுதாக அடையுங்கள். மோல்டையே பைக்குள் போட்டுச் சுற்றிக் கட்டினால் தீராதா என்று கேட்பார்கள். பலகைக்குள் இருக்கும் காற்றும் ஈரமும் மணிக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். பூச்சுதான் வழி.

பூசி முடித்ததும் ரெசின் கலக்காமல் ஒரு ஒத்திகை பாருங்கள். வெறும் மோல்டு, மேலே போர்வை, அதன்மேல் பை. இழுத்து, பம்புக்கும் பைக்கும் நடுவில் இருக்கும் வால்வை மூடிவிட்டு, பத்து நிமிடம் கேஜைப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்குள் இறங்கினால் கையால் பூசும் வேலைக்குப் போதும். மூன்று நிமிடத்தில் 28-லிருந்து 25-க்கு வந்தால் ரெசினைத் தொடவே வேண்டாம். இந்தச் சோதனைக்குக் கேஜ் பையிலேயே இருக்க வேண்டும், அதுவும் குழாய் நுழையும் இடத்துக்கு நேர் எதிர் முனையில். பம்பின் பக்கத்தில் இருக்கும் கேஜ் குழாயின் வேக்யூமைத்தான் சொல்கிறது. குழாய் வாயில் ரெசின் அடைத்துக்கொண்டு, இறக்கையின் நுனியில் 10 அங்குலம்கூட இல்லாமல் இருந்தாலும் அது 28 என்றே காட்டும்.

கசிவைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். இழுத்த பிறகு பம்பை நிறுத்துங்கள், ஃபேனையும் நிறுத்துங்கள். அரை மீட்டர் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை, பையை மோல்டோடு ஒட்டும் சீலன்ட் டேப்பின் ஓரமாக மெதுவாக நகர்த்திக்கொண்டே வாருங்கள். கசியும் இடத்தில் ‘உஸ்’ என்று ஒரு சீறல் கேட்கும். ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு உங்கள் காது அதை மறக்காது. பெரும்பாலும் மடிப்பின் அடிவாரத்தில், டேப்போடு டேப் சேரும் மூலையில், குழாய் நுழையும் வாயில் கேட்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், படகுக் கதவு ஒன்றைப் பையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் பிரித்தால் ஒரு பக்கம் முழுக்க நுரைக்கல் மாதிரி. காரணத்தைத் தேடி டேப்பைக் கையால் பிரித்துக்கொண்டே வந்தபோது, அதன் குறுக்கே ஒரே ஒரு கண்ணாடி இழை கிடந்தது. தலைமுடியைவிட மெல்லியது. அந்த இழையின் ஓரமாக இரவு முழுக்கக் காற்று உள்ளே போய், ரெசின் வழியாக ஒரு கோடு போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. உங்கள் ஓரங்களில் வரும் வெளிறிய கோடுகளும் இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். மோல்டு விளிம்பில் மெழுகு தேய்க்கும் முன்பே சீலன்ட் டேப்பை ஒட்டிவிடுங்கள், மேல் காகிதத்தை உரிக்காமல். துணி வெட்டி, ரெசின் தேய்த்து, எல்லாம் முடிந்து பையை மூடும்போது கொஞ்சம் கொஞ்சமாக உரியுங்கள். மெழுகோ ரெசினோ இழையோ டேப்புக்கு அடியில் போக வழியே இருக்காது.

மழைக்கால விஷயத்துக்கு வருவோம். காட்டன் போர்வை ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும்; ஐப்பசி, கார்த்திகையில் தொட்டாலே சில்லென்று இருக்கும். பீல் பிளை நைலான் என்றால் அதுவும் ஈரம் குடிக்கும். ஹார்டனர் டப்பாவைத் திறந்து வைத்தால் காற்றிலிருக்கும் ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொள்ளும். இத்தனையையும் பைக்குள் போட்டு 28-க்கு மேல் இழுத்தால் என்ன ஆகும்? 30 டிகிரி வெப்பத்தில், பைக்குள் மீதி ஒன்றேகால் அங்குலத்துக்கு வந்தாலே தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிடும். ரெசின் கெட்டிப்படும்போது தானாகவே சூடாகும். தடித்த இடத்தில் 60 டிகிரியைத் தொட்டால், கேஜ் வெறும் 24 காட்டும்போதே கொதிக்கும். அந்த நீராவியை எந்தப் பம்பாலும் தீர்க்க முடியாது. பெரிய பம்ப் இன்னும் சீக்கிரம் கொதிக்க வைக்கும், அவ்வளவுதான்.

போர்வையைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதற்குப் பதில் பாலியஸ்டர் பிரீதர் (பைக்குள் காற்று ஓட வழிவிடும் பஞ்சுத் துணி) வாங்குங்கள். துணி, பீல் பிளை, பிரீதர் மூன்றையும் ஒரு பெட்டிக்குள் பல்பு எரியவிட்டு 50, 60 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்துங்கள். பல்பு துணியைத் தொடக் கூடாது. ஏ.சி. அறையில் துணிச் சுருள் வைத்திருந்தால் ஷெட்டுக்குக் கொண்டுவந்ததும் கவரைப் பிரிக்காதீர்கள். சூடு சமமாகும் வரை காத்திருங்கள், இல்லையென்றால் குளிர்ந்த பாட்டிலில் வேர்ப்பதுபோலத் துணியிலும் வேர்க்கும்.

ஹார்டனரையும் மாற்ற வேண்டும். 100-க்கு 10 கலக்கும் வகை சென்னை வெயிலில் அரை மணி நேரம் தாங்கினால் பெரிது. நீங்கள் இரண்டு அடுக்கு போட்டு, பீல் பிளை விரித்து, பையை மூடிக் கசிவு பார்த்து முடிப்பதற்குள் ரெசின் தேன் பதத்தைத் தாண்டிவிடுகிறது. அதற்குப் பிறகு குமிழியால் நகர முடியாது. கலந்த பிறகு ஒன்றரை மணி நேரமாவது இளகலாக இருக்கும் மெதுவான ஹார்டனரைக் கேளுங்கள், கலக்கும் விகிதம் வேறாக இருக்கும், டப்பாவில் உள்ளபடி தராசில் நிறுத்துக் கலக்குங்கள். கண்ணளவு வேண்டாம். ஹார்டனரைக் குறைத்தால் மெதுவாகும் என்று சிலர் செய்கிறார்கள். மெதுவாகாது, காயாமல் போய்விடும்.

கலக்குவதும் ஒரு வேலைதான், அவசரப்படக் கூடாது. ரெசின் டப்பாவை வெந்நீரில் வைத்து 40 டிகிரி வரை சூடாக்கினால் நன்றாக இளகும், குமிழி தானே மேலே ஏறி உடையும். அதோடு ரெசின் வேகமாகவும் கெட்டிப்படும் என்பதை மறக்க வேண்டாம். டிரில்லில் கரண்டி மாட்டிக் கலக்குவதை நிறுத்துங்கள், அது மோரைக் கடைவது போலத்தான். தட்டையான குச்சியால் மூன்று நிமிடம், பக்கச் சுவரையும் அடியையும் வழித்து வழித்து. பிறகு இன்னொரு கப்பில் ஊற்றி இன்னொரு நிமிடம். கலந்ததை அகலமான தட்டில் ஊற்றி வைத்தால் குமிழியும் உடையும், சூடேறிப் புகையவும் செய்யாது. கையில் நைட்ரைல் கிளவுஸ் இருக்கட்டும். எபாக்சி அலர்ஜி ஒருமுறை வந்துவிட்டால் அப்புறம் இந்தத் தொழிலையே விட வேண்டிவரும், அப்படி விட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது துணி போடும் முறை. முகத்தில் வரும் துளைகளுக்கு மோல்டுக்கு அடுத்த காரணம் இதுதான். காய்ந்த மோல்டில் காய்ந்த துணியை விரித்து மேலே ரெசினை ஊற்றினால், துணிக்கு அடியில் இருக்கும் காற்று எங்கே போகும்? மேலே ரெசின் மூடிவிட்டது, கீழே மோல்டு. நெசவின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு பொட்டு காற்று அப்படியே மாட்டிக்கொள்ளும். மாற்றிச் செய்யுங்கள். முதலில் மோல்டில் பிரஷால் மெல்லிய ரெசின் பூச்சு. அதன்மேல் துணியை ஒரு ஓரத்திலிருந்து பாய் விரிப்பதுபோல இறக்கிக்கொண்டே போங்கள். தேய்க்காதீர்கள், இரண்டு நிமிடம் சும்மா விடுங்கள். கீழேயிருந்து ரெசின் ஊறி மேலே வருவதைப் பார்க்கலாம். மங்கலாக இருக்கும் கார்பன் பொட்டுப் பொட்டாகக் கறுத்து ஈரமாகும். ரெசின் ஏற ஏறக் காற்று தனக்கு முன்னால் வெளியேறிவிடும். கறுக்காத இடத்தில் மட்டும் கொஞ்சம் ரெசின் ஒற்றி, ரோலரை நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாக ஓட்டுங்கள். இரண்டாம் அடுக்குக்கும் இதே முறைதான்.

இறக்கையின் முன்விளிம்பு போல வளைவு கூரான இடங்களில் பை எட்டாமல் பாலம் போட்டு நிற்கும். அங்கே அழுத்தமே இருக்காது. பையை மோல்டைவிடத் தாராளமாக வெட்டி, அந்த இடத்துக்கு நேராக மடிப்பு வையுங்கள். 5 அங்குலம் மட்டும் இழுத்து நிறுத்தி, விரலால் பையை வளைவுக்குள் தள்ளி உட்கார வையுங்கள். எல்லாம் படிந்த பிறகு 20-லிருந்து 22-க்குக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்துங்கள். கையால் பூசும் வேலையில் அதற்கு மேல் நான் போவதில்லை. பம்ப் குழாயில் ஒரு ‘டீ’ போட்டு ஊசி வால்வு ஒன்றை மாட்டி, வெளிக்காற்றைத் துளியளவு உள்ளே விட்டால் கேஜ் அந்த எண்ணில் நிற்கும். (காய்ந்த துணிக்குள் ரெசினைக் குழாய் வழியாக இழுக்கும் இன்ஃபியூஷன் வேறு முறை. அதில் ரெசின் வரும் முன் முழு வேக்யூம் வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ரெசின் கெட்டிப்படும் வரை வேக்யூம் விழக் கூடாது. மின்சாரம் போய்ப் பை தளர்ந்தால் துணி ஸ்பிரிங் மாதிரி எழும்பி ஓரத்திலிருந்து காற்றைக் குடித்துவிடும். பம்புக்கும் பைக்கும் நடுவில், ஊசி வால்வைத் தாண்டிப் பையின் பக்கமாக, ஒரு ஒருவழி வால்வும், அதை அடுத்துப் பழைய கம்ப்ரசர் டேங்க் ஒன்றும் வையுங்கள். பை கசியாமல் இருந்தால் டேங்க் சில மணி நேரம் தாங்கும். பம்ப் நின்றதும் அதன் எண்ணெய் பைக்குள் ஏறுவதையும் அந்த வால்வு தடுக்கும். டேங்குக்கு முன்னால் ரெசின் பிடிக்க ஒரு சிறு குடுவையும் இருந்தால் பம்ப் பல வருடம் உழைக்கும்.

ஏற்கெனவே துளையோடு கிடக்கும் ஓடுகளை என்ன செய்வது என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முகத்தில் மட்டும் துளை என்றால் காப்பாற்றலாம். தண்ணீரால் கழுவி, லேசாகத் தேய்த்து, ஹேர் டிரையரால் கை பொறுக்கும் அளவு சூடாக்குங்கள். சூட்டை நிறுத்தியதும் எபாக்சியை ஸ்குவீஜியால் (ரப்பர் வழிப்பான்) துளைகள்மேல் வழியுங்கள். ஓடு ஆற ஆற, துளைக்குள் இருக்கும் காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுக்குகளுக்கு நடுவில் குமிழி இருப்பது வேறு விஷயம். குமிழி ஒரு சதவீதம் கூடினால் அடுக்குகளுக்கு இடையிலான பிடிப்பு சுமார் 7 சதவீதம் குறையும் என்பதை 1978-லேயே ஆய்வாளர்கள் தொகுத்துச் சொல்லிவிட்டார்கள். நாலு சதவீதம் வரை இந்தக் கணக்கு ஓடும். நாணயத்தால் தட்டிப் பாருங்கள். ‘டக்’ என்ற ஓசை ஓரிடத்தில் ‘தொப்’ என்று மாறினால், அதுவும் இறக்கை உடலோடு சேரும் இடத்தில் என்றால், அந்த ஓட்டினை விற்காதீர்கள். அந்த ட்ரோன் யார் தலைக்கு மேலாவது பறக்கப் போகிறது.

அடுத்த ஓட்டுக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள். ஓர் அடிக்கு ஓர் அடி, 10 மில்லிமீட்டர் கண்ணாடித் துண்டு வாங்கி, மெழுகு தேய்த்து, அதன்மேல் இதே முறையில் இரண்டு அடுக்கு போட்டுப் பையை மூடுங்கள். இரண்டு ஸ்டூலுக்கு நடுவில் கண்ணாடியை வைத்து, கீழே படுத்து, டார்ச் அடித்துக்கொண்டே அண்ணனை வால்வைத் திறக்கச் சொல்லுங்கள். 5 அங்குலத்தில், 15-ல், 22-ல், 28-ல் குமிழி என்ன செய்கிறது என்பது உங்கள் கண் முன்னால் நடக்கும். போனில் படம் பிடித்து, எந்த எண்ணில் நகர்ந்தது, எந்த எண்ணில் ஊதியது என்று குறித்து எனக்கு எழுதுங்கள்.